அசையாத கரடி

பம்பரம் என்று அந்தப் பெண்ணுக்கு யார் பேர் வைத்தார்களோ, வாய்முகூர்த்தம் அப்படியே பலித்துவிட்டது. ஐந்து வயது. சாப்பிடும்போது ஒரு கால் நாற்காலியில் இருக்கும், இன்னொரு கால் எங்கே என்று தேட வேண்டும். பல் தேய்க்கச் சொன்னால் பிரஷ் வாயில் நிற்கும், ஆள் வீடு முழுக்கச் சுற்றி வருவாள். தலைமாட்டில் தலை வைத்துப் படுப்பாள், விடியும்போது அங்கே கால் இருக்கும். அவளைப் பெற்றவள் ஒரு நாளில் அதிகம் சொல்கிற வார்த்தை எது என்று கேட்டால், "உக்காரு" என்பதுதான்.

அப்படிப்பட்டவளை அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் படுக்கவைக்க வேண்டும் என்று வந்து நின்றது. பிள்ளைக்கு ஒரு பக்கத்துக் காது சரியாகக் கேட்கவில்லை. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, பயப்படும்படி ஒன்றும் இருக்காது, எதற்கும் உள்காதை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கிற ஸ்கேன். உள்ளே தலை துளி அசைந்தாலும் படம் கலங்கிப்போகும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து எடுப்பதுதான் வழக்கம் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டதும் பம்பரத்தின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போன வருஷம் பிள்ளை மாடிப்படியில் உருண்டு மோவாயைக் கிழித்துக்கொண்டபோது மயக்கம் கொடுத்துத்தான் தையல் போட்டார்கள். சொன்ன நேரத்துக்குப் பிள்ளை கண் விழிக்கவில்லை. ஒரு நர்ஸ் ஓடினாள், பின்னாலேயே இரண்டு டாக்டர்கள் வந்தார்கள், யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு நேரம் என்று. இன்னொரு தடவை அந்தக் கட்டில் பக்கத்தில் உட்காரத் தன்னால் முடியாது என்று அவள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஒரு வழி இருந்தது. ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் அம்மா நல்ல மாதிரி. பிள்ளை தானாகவே அசையாமல் படுத்தால் மருந்து வேண்டாம், முதலில் ஒரு தடவை அப்படி முயற்சி பண்ணிப் பார்க்கலாம், முடியாவிட்டால் அன்றைக்கே மயக்கம் கொடுத்து எடுத்துவிடலாம் என்றாள். குழாய்க்குள் படுத்தவர் முகத்துக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அதில் ஒரு திரை தெரியும். பிள்ளைக்குப் பிடித்த பொம்மைப் படம் ஏதாவது கொண்டுவாருங்கள், ஆனால் மெஷின் போடுகிற சத்தத்தில் படத்தின் சத்தம் காதில் விழாது, கண்ணுக்கு மட்டும்தான் படம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

இந்த இடத்தில்தான் சித்தி நுழைகிறாள். பம்பரத்தின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கை, பம்பரத்துக்குச் சித்தி. டைல்ஸ் கடைக்கு மேல், மூன்றாவது மாடியில் இருக்கிற ஒரு சின்ன ஆபீஸில் கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்கிறவள். பற்பசை விளம்பரத்தில் இடுப்பை ஆட்டுகிற பல், லிஃப்டில் கூட்டமாக ஏறாதே என்று தும்பிக்கையை ஆட்டுகிற யானை எல்லாம் அவள் கைவண்ணம். பல் இடுப்பை ஆட்டுமா என்று கேட்கக் கூடாது. அவள் ஆட்டினால் ஆடும்.

நான் இருக்கும்போது எதற்கு வேறு படம், நானே செய்து தருகிறேன் என்று அவள் மார்தட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ பண்ற பொம்மையெல்லாம் ஆடத்தானேடி ஆடும். எம்பொண்ணுக்கு ஆடச் சொல்லித்தரவா ஆளு வேணும்?"

சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் சித்தி அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள். பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்க்கும்படி ஒரு படம் செய்துவிட்டால் தலை தானாக நின்றுவிடும் என்பது அவள் கணக்கு. அடுத்த நாளே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

முதல் படம் ஒரு மீன். சும்மா சொல்லக் கூடாது, என்ன மீன் அது. குளத்திலிருந்து குளத்துக்குத் தாவுகிற மீன். தாவுவதற்கு முன்னால் உடம்பைப் பின்னுக்கு வளைத்து ஒரு கணம் பதுங்கும். அந்தப் பதுங்கல் இல்லாவிட்டால் தாவலுக்கு உயிரே இருக்காது என்பது இந்தத் தொழிலில் கைவைத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரை விட்டுக் கிளம்பும்போது உடம்பு நீளும், விழும்போது தட்டையாகும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வேகக்கோடு உண்டு. கோடு நேராக இருந்தால் பொம்மை ரயில் பெட்டி மாதிரி போகும், கோட்டை மலையாக வளைத்துவிட்டால் மெல்லக் கிளம்பி, பாய்ந்து, மெல்ல நிற்கும். சித்தி அந்தக் கோடுகளை நாள் பூராவும் வளைத்தாள். மீன் தாவத் தாவ அவளும் நாற்காலியில் எம்பி எம்பி உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அக்கா வீட்டுக் கூடத்தில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் படுக்கப்போட்டார்கள், அதுதான் குழாய். உள்ளே மேல்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி, தலைமாட்டில் டேப்லட்டை நிறுத்திவைத்தாள் சித்தி. ஸ்கேன் மெஷின் சத்தத்துக்குப் பம்பரத்தின் அப்பா, அதாவது அத்தான், பொறுப்பு. அவர் ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் டக் டக்கென்று தட்டினார். மனிதர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், இந்த வேலையில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பம்பரத்தின் கால்மாட்டில் நின்று அக்கா போனில் வீடியோ எடுத்தாள்.

மீன் முதல் தாவல் தாவியது. உள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. இரண்டாவது தாவலுக்குப் பெட்டியே குலுங்கியது. மூன்றாவதற்குப் பெட்டியின் ஓரம் கிழிந்து ஒரு கால் வெளியே வந்தது. இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை போடு என்று உள்ளே கூத்து. சித்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் படத்துக்கு ஒரு பிள்ளை இப்படி விழுந்து விழுந்து சிரித்தால் யாருக்குத்தான் குளிராது? வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்த்தால், அக்கா போனை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

படம் ரொம்ப நன்றாக இருக்கிறது, பெட்டிதான் கிழிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திங்கட்கிழமை ஆபீஸில் சித்தி சுரத்தே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜைக்காரன் எடிட்டிங் செய்கிறவன், எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டிவிடுவதால் அவனுக்குக் கத்தரி என்று பேர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா இப்படி உட்கார்ந்திருக்கிறாய், அசைவுதானே பிரச்சினை, அசையாத ஒரு படத்தைப் போட்டுவிடு, வேலை முடிந்தது என்றான். வேறு வழி தோன்றாததால் அன்று சாயங்காலமே அதையும் செய்து பார்த்தாள். புதிதாக ஒரு கரடி வரைந்து, அழகாக உட்காரவைத்து, ஒட்டுப்போட்ட அட்டைப்பெட்டிக்குள் காட்டினாள். அத்தான் பாத்திரத்தில் தாளம் பிடிப்பதற்குள் பம்பரம் ஊர்ந்து வெளியே வந்துவிட்டாள்.

"சித்தி, உன் படம் ஹேங் ஆயிடுச்சு."

ஆட்டினால் பிள்ளை ஆடுகிறாள். நிறுத்தினால் எழுந்து வந்துவிடுகிறாள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்தாக இருந்தது. அடுத்த வாரம் ஸ்கேன்.  அக்கா போனில்கூட மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கிறேன் என்றுதான் பேசினாள்.

சித்திக்கு விடிவு வந்தது கத்தரியின் குறும்பால். அக்கா எடுத்த வீடியோவைச் சித்தி அவனுக்கும் அனுப்பியிருந்தாள். அவன் சும்மா இருப்பானா? மீன் படத்தை ஒரு பாதியிலும், பெட்டிக்குள் உதைக்கிற பிள்ளையின் கால்களை மறு பாதியிலும் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்படி பொருத்தி, ஆபீஸில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். சித்தி கோபத்தோடுதான் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கி, ஓட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள்.

மீன் பதுங்குகிறது, பிள்ளையின் கால்விரல்கள் மடங்குகின்றன. மீன் எம்புகிறது, முழங்கால் எம்புகிறது. மீன் தண்ணீரில் விழுகிறது, குதிகால் தரையில் விழுகிறது. அடுத்த தாவலும் அப்படியே. பிள்ளை குறும்புக்கு உதைக்கவில்லை. திரையில் இருக்கிற உடம்பு செய்ததை அவள் உடம்பும் கூடவே செய்திருக்கிறது.

"அப்போ திரையில இருக்கறது அசையாம இருந்தா, அவளும் அசையாம இருப்பா," என்றாள் சித்தி.

அதைத்தான் நேற்றே செய்து பார்த்தாயே, ஹேங் ஆகிவிட்டது என்றாளே என்று கத்தரி இழுத்தான்.

"அது இல்ல. நேத்து கரடி சும்மா இருந்துது. இந்தக் கரடி அசையக் கூடாதுன்னு நெனச்சு இருக்கணும். கஷ்டப்பட்டு இருக்கணும்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், தண்ணீர் இல்லாத டம்ளரை எடுத்து வாயில் கவிழ்த்தாள். கத்தரிக்கு இவளுக்கு என்ன பிடித்துக்கொண்டது என்று விளங்கவில்லை. ஆனால் அவளுக்குக் கரடி முழுசாகத் தெரிந்துவிட்டது. அதன் மூக்கு நுனியில் ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்காருகிறது. கரடிக்கு அதை அவ்வளவு பிடித்துப்போகிறது. அசைந்தால் அது பறந்துவிடும். அதனால் கரடி அசையாமல் இருக்கிறது, அவ்வளவுதான் கதை.

கதை சொல்வது சுலபம், செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும் பாடு. இத்தனை வருஷமாக எதையாவது ஆட்டியே பழகிய கை, இப்போது ஆடாததற்கு உயிர் கொடுக்க வேண்டும். கரடியை அறவே நிறுத்தினால் செத்துப்போய்விடுகிறது. கொஞ்சம் தூக்கலாக அசைத்தால் பிள்ளையும் அசைவாள். நடுவில் மயிரிழை அளவு இடம்தான் இருந்தது. அந்த இடத்தில்தான் அவள் அந்த வாரம் முழுக்கக் குடியிருந்தாள்.

முதலில் மூச்சு. கரடி மொத்தத்தையும் துளி பெரிதாக்கிச் சின்னதாக்கினாள். சைக்கிள் பம்ப்பில் காற்றடிக்கிற மாதிரி இருந்தது. தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கவனித்தாள். வயிறு முதலில் எழும்புகிறது, நெஞ்சு கொஞ்சம் பிந்தி, தலை அதற்கும் பிறகு. உடனே கரடியைத் துண்டு போட்டு, வயிறு ஒரு லேயர், நெஞ்சு ஒரு லேயர், தலை ஒரு லேயர் என்று பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாகச் சில ஃபிரேம்கள் தள்ளித் தள்ளி வைத்தாள். வேகக்கோட்டை மலையாக விடாமல் மேடு தெரியாத அளவுக்குத் தாழ்த்தினாள். பட்டாம்பூச்சியை மூக்கோடு இணைத்துவிட்டாள், தலை எழும்பினால் அதுவும் கூடவே எழும்பும். ஓட்டிப் பார்த்தாள். கரடி மூச்சுவிட்டது. சித்தி மூச்சுவிட மறந்துபோனாள்.

அப்புறம் கண் இமை. ஒரே இடைவெளியில் சிமிட்டவிட்டால் வண்டி திரும்புகிற விளக்கு மாதிரி இருக்கிறது. ஒன்றை விரைவாக, ஒன்றைத் தாமதமாக, ஒரு தடவை இரட்டையாகச் சிமிட்ட வைத்தாள். பின்னால் வானத்தில் ஒரு மேகம் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே பிள்ளையின் கண் போகும், கண் போனால் தலை போகும். மேகத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, வானம் இருந்த இடத்திலேயே மெல்ல நிறம் மாறும்படி செய்தாள். கடைசியாக ஒரு தும்மல் வைத்தாள். பட்டாம்பூச்சியின் கால் பட்டு மூக்கு குறுகுறுக்கிறது, மூக்கு சுருங்குகிறது, கண் கலங்குகிறது, தும்மல் வந்தேவிட்டது என்கிற இடத்தில் கரடி அதை விழுங்கிவிடுகிறது. உள்ளே படுத்திருக்கிற பிள்ளைக்கும் எங்கேயாவது அரிக்கும் அல்லவா, அதற்காக. அந்த இடத்தைக் கத்தரியிடம் காட்டியபோது அவன் தன்னையறியாமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். சித்தி அவன் முதுகில் ஒன்று வைத்தாள், அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் முடிந்ததும் கடைசி ஃபிரேமையும் முதல் ஃபிரேமையும் ஒட்டு தெரியாமல் சேர்த்து, படம் முடிந்து முடிந்து திரும்பத் தொடங்கும்படி லூப்பாக ஓடவிட்டாள். ஸ்கேன் அரை மணி நேரம் போனாலும் சரி, அரை நாள் போனாலும் சரி, கரடி உட்கார்ந்திருக்கும். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று யாராவது கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்று கத்தரியிடம் சவால் விட்டாள். அவனால் முடியவில்லை.

மறுபடி கூடத்தில் ஒத்திகை. அத்தான் பாத்திரத்தைத் தட்டினார். பெட்டி குலுங்கவில்லை. அத்தான் பலமாகத் தட்டினார். பெட்டி கம்மென்று கிடந்தது. அக்கா கால்மாட்டில் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள். தூங்கிவிட்டாளோ என்று சந்தேகம். இல்லை, கண்ணாடியில் இரண்டு கண்ணும் முழித்துக்கொண்டிருந்தன. தட்டித் தட்டி அத்தானுக்குக் கை ஓய்ந்ததும், அவரே டேப்லட்டை அணைத்துவிட்டு, மகளின் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டி வெளியே இழுத்தார்.  அன்றைக்கு அக்கா தங்கைக்கு ரெண்டாவது தடவை கேட்காமலே சோறு போட்டாள்.

ஆனால் அட்டைப்பெட்டி வேறு, ஆஸ்பத்திரி வேறு. ஸ்கேன் அறையில் அந்தக் குழாயைப் பார்த்தால் சித்தியே உள்ளே படுக்க யோசிப்பாள். பம்பரத்தின் தலையைச் சுற்றி ஒரு கூடு மாதிரி மாட்டினார்கள், அதன் மேல் கண்ணாடி. மேசை உள்ளே நகர்ந்தது. பெரியவர்கள் பக்கத்து அறைக்கு வந்து கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் ஓரமாக ஒரு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

மெஷின் தட்ட ஆரம்பித்தது. அத்தானுடைய பாத்திரமெல்லாம் இதன் கால்தூசி பெறாது. குழாய்க்கு வெளியே தெரிந்தது பிள்ளையின் இரண்டு உள்ளங்கால்கள் மட்டும்தான். சித்தி அவற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நிமிஷம் நிற்காத கால்கள், இப்போது நிற்கின்றன, இன்னும் நிற்கின்றன என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை கட்டைவிரல் மெல்ல மடங்கியது. டெக்னீஷியன் அம்மாவின் கை மெஷினை நிறுத்துகிற பட்டனுக்குப் போய்விட்டது. இது தும்மல் வருகிற இடம், இதோ விழுங்கப்போகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சித்தி அவசரமாகச் சொன்னாள். கட்டைவிரல் மெல்ல விரிந்தது. கால் மறுபடி நின்றது.

அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடத்தினார்கள் என்று கேட்காதீர்கள். ஒருவழியாகச் சத்தம் நின்றது. ஒரு படம்கூடக் கலங்கவில்லை, கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது, பெரியவர்களே இப்படிப் படுக்க மாட்டார்கள் என்று டெக்னீஷியன் அம்மா சிரித்தாள். மயக்க மருந்து டாக்டர் எழுந்து, எனக்கு இங்கே வேலை இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டார். அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். அத்தான் விரலால் சுவரில் டக் டக்கென்று தாளம் தட்டினார்.

டெக்னீஷியன் அம்மா உள்ளே போய் மேசையை வெளியே இழுத்து, தலைக்கூட்டைக் கழற்றினாள். பாப்பா, முடிந்துவிட்டது, எழுந்திருக்கலாம் என்றாள். பம்பரம் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது, மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் அசையவில்லை. தோளைத் தொட்டாள், அப்போதும் இல்லை. பின்னால் வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். போன வருஷத்து முகம் அவளுக்கு அப்படியே திரும்பி வந்தது.

சித்தி ஓடிப்போய்க் குனிந்தாள். பிள்ளையின் வயிறு மெல்ல எழும்பியது, நெஞ்சு கொஞ்சம் பிந்தி எழும்பியது. உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாத குரலில் பம்பரம் சொன்னாள்.

"தொடாத சித்தி. என் மூக்குல உக்காந்திருக்கு."

"எது கண்ணு?"

"பட்டாம்பூச்சி. எப்ப போகும்? கரடிக்கும் போகவே இல்ல."

சித்திக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மூச்சை வைத்தாள், இமையை வைத்தாள், தும்மலைக்கூட வைத்தாள். ஒட்டு தெரியாமல் லூப் போட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். பாவிமகள், அந்தப் பட்டாம்பூச்சியைப் பறக்கவிட மட்டும் மறந்துவிட்டாள். இனி எழுந்திருக்கலாம் என்று அந்தக் கரடிக்கு யாரும் சொல்லவே இல்லை. அது எழுந்திருக்காதவரைக்கும் இந்தப் பிள்ளையும் எழுந்திருக்கப்போவதில்லை.

கம்ப்யூட்டர் இல்லை, லேயர் இல்லை, வளைக்க ஒரு கோடு இல்லை. இரண்டு வெறுங்கைதான் இருந்தது. சித்தி இரண்டு கட்டைவிரலையும் கோர்த்து, மற்ற விரல்களைச் சிறகாக விரித்து, பிள்ளையின் மூக்கு நுனிக்கு மேலே கொண்டுவந்தாள்.  முதலில் அதைக் கொஞ்சம் கீழே தாழ்த்தினாள். ஒரு கணம் பதுங்கவிட்டாள். பிறகு மெல்ல, ஒரு படபடப்பு, இன்னொரு படபடப்பு, மேலே, மேலே, விளக்கு வரைக்கும் கையை உயர்த்தினாள். பம்பரத்தின் கண் அதன் கூடவே போனது. கண் போன பின்னால் மோவாய் நிமிர்ந்தது, கழுத்து திரும்பியது.

விளக்குக்குப் பக்கத்தில் சித்தி கையைப் பிரித்தாள். பட்டாம்பூச்சி போய்விட்டது.

அரை மணி நேரமாக அடக்கி வைத்திருந்த தும்மலைப் பம்பரம் அந்த அறையே அதிரும்படி தும்மிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கால் ஏற்கெனவே மேசையிலிருந்து கீழே தொங்கிவிட்டது. அக்கா ஓடிவந்து அவளை வாரி அணைத்து, நெற்றியிலும் மோவாயிலும் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாகப் பம்பரம் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அந்தக் கோடியில் திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, கரடி பாவம். அது இன்னும் அசையாமயே இருக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.  மூக்கை உறிஞ்சிக்கொண்டு தங்கையிடம் திரும்பினாள்.

"இங்க என்னடி நின்னுட்டு இருக்க? போய் முதல்ல அதை எழுப்பிவிடு."